14 அணி, 17 சீசன், ஒரே பவுலர்: எட்வின் ஜாக்சனை ஏன் இத்தனை முறை கைமாற்றினார்கள்? 'வேண்டாம்' என்று அவர் சொல்ல முடியாதது ஏன்?

2011 ஜூலை 27. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் பந்து எறியும் எட்வின் ஜாக்சன், சிகாகோ வைட் சாக்ஸ் அணி வீரராக அந்த நாளைத் தொடங்கினார். பிறகு அவரை டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த சில மணி நேரத்தில் இன்னொரு செய்தி: டொராண்டோ அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குத் தள்ளிவிட்டது. ஒரே நாளில் மூன்று அணி. டொராண்டோவின் ஜெர்சியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு ஆண்டு கழித்து, 2019 மே 15 அன்று, அதே டொராண்டோ ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். அது அவருடைய 14-வது அணி. மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை எந்த வீரரும் இத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. 2025 ஜூலையில் ரிச் ஹில் என்ற 45 வயது பிட்சர் அந்தச் சாதனையைச் சமன் செய்தார்.

ஒரு வீரரை 14 அணிகள் மாற்றி மாற்றி எடுக்கிறது என்றால், அவரை யாருக்கும் பிடிக்கலையா? இல்லை, எல்லோருக்கும் தேவைப்பட்டாரா? முக்கியமாக, 'நான் போகமாட்டேன்' என்று அவர் ஏன் சொல்லவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

'ஜர்னிமேன்' என்றால் என்ன?

இப்படி அணி மாறிக்கொண்டே இருக்கும் வீரர்களை அமெரிக்க ஊடகங்கள் 'ஜர்னிமேன்' என்று அழைக்கின்றன. ஊர் ஊராகப் பயணம் செய்பவர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வார்த்தையின் வேர் வேறு. 'ஒரு நாள் வேலை' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது அது. தொழிலைக் கற்று முடித்துவிட்டார், ஆனால் சொந்தமாகப் பட்டறை இல்லை. நாள் கூலிக்கு அடுத்தவர் பட்டறையில் வேலை செய்கிறார். அப்படிப்பட்ட கைவினைஞருக்குத்தான் முதலில் இந்தப் பெயர்.

ஜாக்சனின் கதைக்கு இந்த அர்த்தம் கச்சிதமாகப் பொருந்தும். வேலை தெரிந்தவர். பட்டறைதான் அவருடையது இல்லை.

யார் இந்த எட்வின் ஜாக்சன்?

அப்பா அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அதனால் ஜாக்சன் பிறந்தது அன்றைய மேற்கு ஜெர்மனியின் நாய்-உல்ம் நகரத்தில், 1983 செப்டம்பர் 9 அன்று. வளர்ந்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில். 2001-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி அவரைத் தேர்வு செய்தது.

மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் 2003 செப்டம்பர் 9. அவருடைய 20-வது பிறந்தநாள். எதிரணியில் பந்து எறிந்தவர் ராண்டி ஜான்சன், அந்தக் காலத்தில் பேட்டர்கள் பார்த்தாலே நடுங்கும் பெயர். அந்த ஆட்டத்தில் ஜாக்சன் ஜெயித்தார். அடுத்த பெரிய நட்சத்திரம் இவர்தான் என்று பேச்சு கிளம்பியது.

அந்தப் பேச்சு பலிக்கவில்லை. மோசமாகவும் போகவில்லை. 2008-ல் டாம்பா பே ரேஸ் அணிக்காக 14 ஆட்டங்களை வென்றார். அந்த அணி அந்த ஆண்டு இறுதிப்போட்டியான வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. 2009-ல் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு ஆடியபோது ஆல்-ஸ்டார் அணியில் இடம்பிடித்தார். 2011-ல் கார்டினல்ஸ் அணியுடன் வேர்ல்ட் சீரிஸ் பட்டமும் வென்றார்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் 107 வெற்றி, 133 தோல்வி. இஆர்ஏ எனப்படும் சராசரி 4.78. அதாவது ஒன்பது இன்னிங்ஸ் எறிந்தால் சுமார் ஐந்து ரன் விட்டுக்கொடுப்பார். இது சராசரியை விடக் கொஞ்சம் சுமாரான எண்தான். ஆனாலும் 17 சீசன் வேலை கிடைத்தது. எப்படி?

சுமாரான பவுலருக்கு ஏன் இவ்வளவு டிமாண்ட்?

இதற்குப் பதில் பேஸ்பாலின் அட்டவணையில் இருக்கிறது.

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆக, ஒரு சீசனில் ஓர் அணியின் பவுலர்கள் சுமார் 1,458 இன்னிங்ஸ் எறிந்தாக வேண்டும்.

ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரால் தினமும் எறிய முடியாது. ஓர் ஆட்டத்தில் 90 முதல் 100 பந்து எறிந்தால் அடுத்த நான்கு நாளாவது தோளுக்கும் முழங்கைக்கும் ஓய்வு தேவை. அதனால்தான் ஐந்து பேரைச் சுழற்சி முறையில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு முழங்கைத் தசைநார் கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் அவரை மறந்துவிட வேண்டியதுதான்.

இங்கேதான் ஜாக்சன் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள். பிரமாதமாக எறிய வேண்டாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்து, ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்கிவிட்டுப் போனால் போதும். 2009-ல் டெட்ராய்ட்டுக்காக மட்டும் ஜாக்சன் 214 இன்னிங்ஸ் எறிந்தார். அப்படி உடம்பு தாங்குகிற பவுலர் கிடைப்பது கஷ்டம். எந்த அணிக்கு எப்போது ஓட்டை விழுந்தாலும் அவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அதே காரணத்துக்காகத்தான் அவரை எளிதாக விட்டும் கொடுத்தார்கள். அணியின் அடையாளமாக இருக்கும் நட்சத்திரத்தை மாற்றினால் ரசிகர்கள் கொதிப்பார்கள். ஜாக்சனை மாற்றினால் யாரும் பதாகை பிடிக்கப் போவதில்லை.

சாதனை படைத்த ஐந்தாவது வாரத்தில் கைமாற்றம்

ஜாக்சன் வாழ்க்கையில் மிகப் பெரிய நாள் 2010 ஜூன் 25. அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணிக்காக, தன் பழைய அணியான டாம்பா பேவுக்கு எதிராக, அவர்களுடைய மைதானத்திலேயே 'நோ-ஹிட்டர்' எறிந்தார். எதிரணி முழு ஆட்டத்திலும் ஒரு ஹிட் கூட அடிக்கவில்லை என்பதுதான் நோ-ஹிட்டர். பல பெரிய பிட்சர்களுக்கே வாழ்நாள் முழுவதும் கிடைக்காத விஷயம்.

அது அழகான ஆட்டம் என்று சொல்ல முடியாது. கட்டுப்பாடு இல்லாமல் எறிந்து எட்டு பேரைச் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பினார். அடிக்கடி ஆபத்து, அடிக்கடி தப்பிப்பு. மொத்தம் 149 பந்துகள். வழக்கமான அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அரிசோனா 1-0 என்று ஜெயித்தது.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஐந்தே வாரத்தில், ஜூலை 30 அன்று, அரிசோனா அவரை சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டது. பதிலுக்கு இரண்டு இளம் பிட்சர்களை வாங்கிக்கொண்டது. அந்த சீசனில் அரிசோனா தேறப்போவதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தேறாத அணிக்குச் சம்பளம் கூடிக்கொண்டே போகும் பவுலர் எதற்கு? சம்பளம் குறைந்த, எதிர்காலம் உள்ள இளைஞர்கள் வந்தால் லாபம்.

மேஜர் லீக்கில் வீரர்களை மாற்றிக்கொள்ள ஜூலை மாதக் கடைசியை ஒட்டித்தான் கெடு. அந்த வாரம் முழுக்க ஒரு சந்தை மாதிரி இருக்கும். பட்டம் வெல்ல வாய்ப்புள்ள அணிகள் வாங்கும். வாய்ப்பில்லாத அணிகள் விற்கும். 2011-ல் ஒரே நாளில் ஜாக்சன் மூன்று அணி பார்த்ததும் இந்தச் சந்தையில்தான். டொராண்டோவுக்கு வேண்டியது கார்டினல்ஸின் இளம் வீரர் கோல்பி ராஸ்மஸ். கார்டினல்ஸுக்கு வேண்டியது ஒரு பிட்சர். தன்னிடம் இல்லாத பிட்சரை டொராண்டோ வைட் சாக்ஸிடம் வாங்கி, அப்படியே கார்டினல்ஸிடம் கொடுத்தது. பழைய பண்டமாற்றுதான்.

அதே பண்டமாற்றில் கார்டினல்ஸுக்குப் போன இன்னொருவர் ஆக்டேவியோ டோட்டல். அடுத்த ஆண்டே 13 அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனையைப் படைத்தவர் அவர். அந்தச் சாதனையைத்தான் பின்னாளில் ஜாக்சன் முறியடித்தார். சாதனையை வைத்திருக்கப் போகிறவரும் முறியடிக்கப் போகிறவரும் ஒரே பார்சலில் போயிருக்கிறார்கள்.

14 அணிகள் எவை?

- லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்
- டாம்பா பே ரேஸ்
- டெட்ராய்ட் டைகர்ஸ்
- அரிசோனா டைமண்ட்பேக்ஸ்
- சிகாகோ வைட் சாக்ஸ்
- செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்
- வாஷிங்டன் நேஷனல்ஸ்
- சிகாகோ கப்ஸ்
- அட்லாண்டா பிரேவ்ஸ்
- மயாமி மார்லின்ஸ்
- சான் டியாகோ பாட்ரேஸ்
- பால்டிமோர் ஓரியோல்ஸ்
- ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ்
- டொராண்டோ புளூ ஜேஸ்

வாஷிங்டனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இரண்டாவது முறையும் போய் ஆடினார். அதையும் சேர்த்தால் அவர் பெட்டி கட்டிய கணக்கு இன்னும் கூடும்.

வீரர் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாதா?

பொதுவாக முடியாது.

மேஜர் லீக்கில் நுழையும் வீரர் ஆறு ஆண்டு சேவை முடிக்கும் வரை அவரைத் தேர்வு செய்த அணியின் கட்டுப்பாட்டில்தான் இருப்பார். அந்த அணி அவரை வேறு அணிக்கு மாற்றலாம். அவர் சம்மதம் தேவையில்லை. ஆறு ஆண்டு முடிந்த பிறகுதான், ஒப்பந்தம் இல்லாத நிலையில், பிடித்த அணியோடு பேசும் சுதந்திரம். அப்போதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, தடை விதிக்கும் பிரிவைத் தனியாகப் பேசி வாங்கியிருந்தால் ஒழிய, மறுபடியும் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம்.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். அங்கேயும் அதிக விலை சொல்லும் அணிக்குத்தான் போக வேண்டும். ஆரோன் ஃபின்ச் ஒன்பது ஐபிஎல் அணிகளுக்கு ஆடியவர். ஆனால் ஐபிஎல் இரண்டு மாத விளையாட்டு. பேஸ்பால் அப்படி இல்லை. பிள்ளைகளின் பள்ளி, வாடகை வீடு, மனைவியின் வேலை என்று குடும்பம் ஒரு ஊரில் வேர்விடும்போது, சீசன் நடுவில் 'நாளைக்கு வேறு ஊர்' என்று போன் வரும்.

இந்த விதி முன்பு இன்னும் கொடுமையாக இருந்தது. ஓர் அணி விரும்பும் வரை, வாழ்நாள் முழுவதும் வீரரைத் தன் பிடியில் வைத்திருக்கலாம். 1969-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன் நட்சத்திர வீரர் கர்ட் ஃப்ளட்டை பிலடெல்பியாவுக்கு மாற்றியது. 12 சீசன் அந்த அணிக்கே உழைத்தவர் அவர். போக மறுத்தார். 'என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து இல்லை' என்ற பொருளில் லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-ல் 5-3 என்ற கணக்கில் தோற்றார். அவருடைய விளையாட்டு வாழ்க்கையும் அதோடு முடிந்தது.

ஃப்ளட் தோற்றாலும் கதவு திறந்துவிட்டது. 1975-ல் இரண்டு பிட்சர்கள் தொடர்பான ஒரு நடுவர் தீர்ப்பு, அணியின் வாழ்நாள் பிடியை உடைத்தது. அதற்கு முன்பே, 1973-ல், ஃப்ளட்டின் போராட்டத்தை ஒட்டி ஒரு பாதுகாப்பு விதி வந்திருந்தது. அதன் பெயர் '10-5'.

பாதுகாப்பு விதியிலேயே ஓட்டை

10-5 விதி சொல்வது இதுதான்: மேஜர் லீக்கில் 10 ஆண்டு சேவை முடித்திருக்க வேண்டும்; அதில் கடைசி ஐந்து ஆண்டு தொடர்ந்து ஒரே அணியில் இருந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் 'நான் போகமாட்டேன்' என்று அந்த வீரர் மறுக்கலாம்.

இப்போது ஜாக்சனை இதில் பொருத்திப் பாருங்கள். 10 ஆண்டு? அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார். ஒரே அணியில் ஐந்து ஆண்டு? எந்த அணியிலும் அவர் தொடர்ந்து மூன்று சீசனைத் தாண்டியதே இல்லை. ஏன் தாண்டவில்லை? மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அதாவது, மாற்றப்படாமல் இருந்தவருக்குத்தான் மாற்றத்தை மறுக்கும் உரிமை கிடைக்கும். அடிக்கடி மாற்றப்படுபவருக்குத்தான் அந்த உரிமை அதிகம் தேவை. அவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ஒவ்வொரு கைமாற்றமும் ஐந்து ஆண்டுக் கணக்கை மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்க வைக்கிறது. ஃப்ளட் மாதிரி 12 சீசன் ஒரே அணியில் இருந்தவரை மனதில் வைத்து எழுதிய விதி, ஜாக்சன் மாதிரி ஆளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஆனால் கோடி கோடியாகச் சம்பாதித்தாரே?

நியாயமான கேள்வி. ஜாக்சன் ஏழை இல்லை. 2012-ல் வாஷிங்டன் ஓராண்டுக்கு 1.1 கோடி டாலர் கொடுத்தது. அடுத்து சிகாகோ கப்ஸ் நான்கு ஆண்டுக்கு 5.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஒருவழியாக ஓர் ஊரில் நிலையாக இருக்கலாம் என்ற வாய்ப்பு அதுதான்.

அங்கேதான் சறுக்கினார். 2013-ல் 18 தோல்வி. 2014-ல் இஆர்ஏ 6-ஐத் தாண்டியது. 2015 ஜூலையில் கப்ஸ் அவரை விடுவித்தது. பேஸ்பால் ஒப்பந்தங்கள் உத்தரவாதமானவை என்பதால் மீதிப் பணம் அவருக்கு வந்து சேர்ந்தது. வேலை போனது, சம்பளம் போகவில்லை. வீரர்கள் சங்கம் பல ஆண்டு போராடிக் காத்துவரும் ஏற்பாடு இது.

அதன் பிறகு அவர் போன இடங்களில் இந்த வசதி கிடையாது. மைனர் லீக் ஒப்பந்தத்தில் சேர்ந்து, அழைப்பு வரும் வரை சின்ன ஊர்களில் எறிந்துகொண்டு காத்திருக்க வேண்டும். 2018-ல் ஓக்லண்ட் அப்படித்தான் எடுத்தது. காயங்களால் தடுமாறிய அந்த அணிக்காக 17 ஆட்டங்களைத் தொடங்கி, 6 வெற்றி, 3.33 இஆர்ஏ. ஓக்லண்ட் அந்த ஆண்டு பிளே-ஆஃப் போனது. அடுத்த ஆண்டு அதே ஓக்லண்ட் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வீரர் யாரும் இல்லை, பணம் மட்டும். 14 அணி சாதனை பிறந்தது அப்படித்தான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடி வெள்ளி வென்றுவிட்டு, 2022-ல் ஓய்வை அறிவித்தார்.

ரிச் ஹில் கதை என்ன சொல்கிறது?

சாதனையைச் சமன் செய்த ரிச் ஹில்லின் பாதை இன்னும் கரடுமுரடானது. 2005-ல் சிகாகோ கப்ஸில் தொடங்கினார். 2011-ல் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2015-ல், 35 வயதில், மேஜர் லீக்கோடு தொடர்பே இல்லாத லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற தனி அணியில் போய் எறிந்தார். கிட்டத்தட்ட எல்லோரும் கைவிட்ட நிலை.

இரண்டே ஆட்டம். 11 இன்னிங்ஸ், ஒரு ரன் கூட விடவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் மறுபடி கூப்பிட்டது. தன் வளைவுப் பந்தை முன்பைவிட அதிகமாக எறியத் தொடங்கினார். நான்கு ஆட்டம் பிரமாதமாகப் போக, ஓக்லண்ட் 60 லட்சம் டாலர் கொடுத்தது. 2016 முடிவில் டாட்ஜர்ஸுடன் மூன்று ஆண்டுக்கு 4.8 கோடி டாலர் ஒப்பந்தம். அவரை அதற்கு முன் விட்டுவிட்ட அணிகளின் கணிப்பு எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2017 ஆகஸ்ட் 23 அன்று பிட்ஸ்பர்க்கில் எட்டு இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸில் ஏறவிடவில்லை. ஒன்பதாவதில் சக வீரரின் ஃபீல்டிங் பிழை. பத்தாவதில் ஒரே ஒரு ஹோம் ரன். அந்த ஆட்டத்தில் அவர் விட்ட ஒரே ஹிட் அதுதான். 0-1 தோல்வி. ஜாக்சன் எட்டு பேரைச் சும்மா அனுப்பியும் நோ-ஹிட்டர் பெற்றார். ஹில் அவ்வளவு துல்லியமாக எறிந்தும் பெறவில்லை.

இப்போது இது ஏன் முக்கியம்?

அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான நடப்பு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ம் தேதியுடன் முடிகிறது. கடந்த முறை ஒப்பந்தம் முடிந்தபோது உரிமையாளர்கள் 99 நாள் கதவை இழுத்து மூடினார்கள்.

அமெரிக்காவின் நான்கு பெரிய விளையாட்டு லீக்குகளில் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லாத ஒரே லீக் பேஸ்பால்தான். அந்த உச்சவரம்புதான் மீண்டும் பேச்சில் அடிபடுகிறது. வீரர்கள் சங்கம் அதைக் காலங்காலமாக எதிர்த்து வருகிறது. 1994-ல் இதே பிரச்சினையில் வேலைநிறுத்தம் வெடித்து, வேர்ல்ட் சீரிஸே ரத்தானது.

இந்தச் சண்டையில் தலைப்புச் செய்தி ஆவது நட்சத்திரங்களின் சம்பளம். ஆனால் மொத்தப் பணம் சுருங்கினால் நட்சத்திரத்தின் பங்கை யாரும் குறைக்க மாட்டார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தில் வரும் இளைஞரும் இருப்பார். 2026-ல் அந்தத் தொகை 7.8 லட்சம் டாலர். இடையில் மாட்டுவது ஜாக்சன், ஹில் மாதிரி நடுத்தர ஆட்கள். இளைஞரைவிட விலை கூடுதல், நட்சத்திரத்தைவிட மவுசு குறைவு. அவர்களுக்கு மறுக்கும் உரிமையும் இல்லை, நிரந்தர இடமும் இல்லை.

2025 ஜூலை 22 அன்று கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காக ரிச் ஹில் களமிறங்கினார். இடம், சிகாகோ கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்ட். 20 ஆண்டுக்கு முன் அவருக்கு முதல் ஜெர்சி கொடுத்த அதே அணி, இப்போது எதிரில். ஐந்து இன்னிங்ஸ் எறிந்தார். அவர் கணக்கில் சேர்ந்தது ஒரே ஒரு ரன். ஒரு வாரத்தில் இன்னொரு ஆட்டம்.

மறுநாள் அணி அவர் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது.